நிலமற்ற விடுதலை: அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்

போர்களின் முடிவை ஒரு தேதியைக் கொண்டு குறிப்பது வரலாற்று நூல்களின் வழக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பொறுத்தவரை அத்தேதி 1865 ஏப்ரல் 9. அன்று வர்ஜீனியா மாநிலத்தின் அப்பொமாட்டாக்ஸ் என்னும் சிற்றூரில் தென்னகப் படைத்தலைவர் ராபர்ட் லீ, வடபுலப் படைத்தலைவர் யுலிசீஸ் கிராண்ட்டிடம் சரணடைந்தார். நான்காண்டுக் காலம் நிகழ்ந்த அப்போரில் மாண்டவர்கள் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவந்த கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஒப்புநோக்கி 2011இல் வெளியான ஓர் ஆய்வு அதனை 7,50,000 வரை உயர்த்தியது. மொத்த மக்கள்தொகையே 3 கோடியே 14 இலட்சமாக இருந்த நாட்டில் இஃது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் நாம் இங்கு ஆராயப் புகுவது போர்க்களங்களை அன்று. அவற்றுக்குப் பின்னர் நிகழ்ந்ததையே. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 39,53,760 அடிமைகள் இருந்தனர். சந்தை விலையில் அவர்களின் 'மதிப்பு' 300 கோடி டாலருக்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அன்றைய அமெரிக்காவின் இருப்புப் பாதைகள், ஆலைகள் அனைத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் அத்தொகையை எட்டாது. உடைமையாகக் கருதப்பட்டவர்கள் போரின் முடிவில் மனிதர்களாக ஏற்கப்பட்டனர். ஆனால் அவர்கள் வியர்வை சிந்திய நிலம் எவரிடம் சென்றது? அமெரிக்க சமுதாயத்தை அப்போர் எவ்வாறு மாற்றியது, எங்கே மாற்றாமல் விட்டது என்பதற்கான விடை இவ்வொரு வினாவிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது என்பது நம் துணிபு.

தாமே தேடிய விடுதலை

ஆபிரகாம் லிங்கன் அடிமைகளுக்கு விடுதலை அளித்தார் என்று பள்ளி நூல்கள் கூறும். அது பாதி உண்மை. போர் தொடங்கிய ஆறாவது வாரத்தில், 1861 மே மாதத்தில், வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டையை நோக்கி இரவோடிரவாக மூன்று அடிமைகள் படகில் சென்று வடபுலப் படையிடம் தஞ்சம் புகுந்தனர். உரிமையாளர் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வழக்கறிஞர் தொழிலிலிருந்து வந்தவர். எதிரி போருக்குப் பயன்படுத்தும் பொருளைக் கைப்பற்றும் உரிமை தமக்குண்டு என்று கூறி அவர்களைத் திருப்பியனுப்ப மறுத்தார். மனிதரைப் பொருள் என்றே ஒப்புக்கொண்டு, அவ்வொப்புதலின் வாயிலாகவே அவர்களைக் காத்த இச்சட்ட நுணுக்கம் விந்தையானது. செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கில், பின்னர் ஆயிரக்கணக்கில் அடிமைகள் வடபுலப் படை முகாம்களை வந்தடைந்தனர். 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த லிங்கனின் பிரகடனம், கால்கள் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்ததைத் தாளில் எழுதியது எனலாம். அதுவும் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தின் பக்கம் நின்ற கென்டக்கி போன்ற மாநிலங்களின் அடிமைகள் அடிமைகளாகவே நீடித்தனர்.

ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் வடபுலத் தரைப்படையில் பணியாற்றினர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம், 55ஆம் படைப்பிரிவினர் குறைந்த ஊதியத்தைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு ஓராண்டுக்கு மேல் ஊதியமே பெறாமல் போரிட்டனர். 1864 ஜூனில் காங்கிரஸ் சமஊதியச் சட்டத்தை இயற்றியது.

அந்த 55ஆம் படைப்பிரிவில் நிக்கோலஸ் ஸயீத் என்றொரு சார்ஜெண்ட் இருந்தார். இயற்பெயர் முஹம்மது அலீ பின் ஸயீத். சாட் ஏரிக்கரையில் அமைந்த போர்னு நாட்டில், படைத்தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் கடத்தப்பட்டுத் திரிப்போலி, இஸ்தான்புல் வழியாக ரஷ்யப் பிரபு ஒருவரின் பணியாளராகி, அங்கே ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டு, ஐரோப்பா முழுவதையும் சுற்றியபின் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அரபு முதலாகப் பல மொழிகள் அறிந்த அவர், போர் முடிந்ததும் பாதுகாப்பான வடபுலத்துக்குத் திரும்பாமல் தென்னகத்திலேயே தங்கி, விடுதலை பெற்றோருக்குக் கல்வி புகட்டினார். 1873இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக வெளியிட்டார். அவரது வாழ்க்கை தனிக்கட்டுரைக்குரியது.

சவன்னாவில் ஒரு மாலை

1865 ஜனவரி 12. ஜார்ஜியாவின் சவன்னா நகரைக் கைப்பற்றியிருந்த தளபதி வில்லியம் ஷெர்மனும், வாஷிங்டனிலிருந்து வந்திருந்த போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டாண்ட்டனும் கறுப்பின சமயத் தலைவர்கள் இருபது பேரை அழைத்துப் பேசினர். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயதான கேரிசன் ஃப்ரேஸியர். தம்மையும் தம் மனைவியையும் 1,000 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர் அவர். அடிமைத்தனம் என்றால் என்ன, விடுதலை என்றால் என்ன என்று அமைச்சர் வினவினார். ஒருவரின் உழைப்பை அவரது இசைவின்றிப் பறித்துக்கொள்வதே அடிமைத்தனம் என்றும், தம் உழைப்பின் பலனைத் தாமே பெறும் இடத்தில் தம்மை வைப்பதே விடுதலை என்றும் அவர் விடையிறுத்தார். அதற்கு என்ன வேண்டும் என்ற அடுத்த வினாவுக்கும் அவரிடம் தெளிந்த விடை இருந்தது: நிலம், உழுது பயிரிட்டு, பின்னர் விலை கொடுத்துத் தமதாக்கிக்கொள்ளக்கூடிய நிலம். அவர் இனாம் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நான்கு நாட்களில் ஷெர்மனின் 15ஆம் சிறப்புக் கள ஆணை வெளிவந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கேயுள்ள கடல்தீவுகளும், கடலிலிருந்து முப்பது மைல் வரையுள்ள கைவிடப்பட்ட நெல்வயல்களும் விடுதலை பெற்றோர் குடியேறுவதற்கென ஒதுக்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு நாற்பது ஏக்கருக்கு மேற்படாமல் பங்கிடுவதென ஏற்பாடு. அவ்வாண்டு ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 40,000 பேர் அந்நிலங்களில் குடியேறிவிட்டனர்.

அக்கடல்தீவுகளுள் ஒன்று சாபெலோ. நம் வாசகர்கள் இப்பெயரை நினைவில் இருத்திக்கொள்வது நன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தீவில் தாமஸ் ஸ்பால்டிங் என்பவரின் தோட்டத்தில் அடிமையாகவும் தோட்டக் கண்காணியாகவும் வாழ்ந்தவர் பிலாலி முஹம்மது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜாலோன் பகுதியைச் சேர்ந்த அவர் விட்டுச்சென்ற சிறு அரபுக் கையெழுத்துச் சுவடி ஒன்று உண்டு. ஓர் அடிமையின் நாட்குறிப்பு என்றே அது நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் ஆராய்ந்த அறிஞர்கள், மாலிகி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான இமாம் இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் 'ரிஸாலா'வை நினைவிலிருந்து எழுதிய பகுதிகளே அதில் இருப்பதைக் கண்டறிந்தனர். உளூவும் பாங்கும் தொழுகையும் பற்றிய சட்டங்கள் பருத்தித் தோட்டத்தில் ஓர் அடிமையின் கையால் எழுதப்பட்டிருக்கின்றன! பிலாலி 1850களின் இறுதியில், போருக்குச் சற்று முன்னர் மறைந்தார். 1930களில் அவருடைய வழித்தோன்றல்களிடம் வாய்மொழிச் செய்திகள் திரட்டப்பட்டபோது, மணிமாலை உருட்டி வேளை தவறாது தொழுத முன்னோரையும், குறித்த நாளில் பாட்டி பிடித்துக்கொடுத்த 'சராகா' என்னும் அரிசிப் பலகாரத்தையும் அவர்கள் நினைவுகூர்ந்தனர். 'ஸதகா' என்னும் சொல்லின் திரிபே அது என்பது ஆய்வாளர் கருத்து.

இத்தகையோர் ஒருவர் இருவரல்லர். வட கரோலினாவில் வாழ்ந்த உமர் இப்னு ஸயீத் 1831இல் அரபியில் தன்வரலாறு எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் எழுதிவைத்தது ஸூரத்துல் முல்க். உடைமையும் ஆட்சியும் எவனுக்குரியவை என்று பேசும் அத்தியாயத்தை, பிறர் உடைமையாக்கப்பட்டிருந்த ஒருவர் தேர்ந்ததில் பொருள் இல்லாமல் இல்லை. அவர் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு உண்டு. அவரது உள்ளம் எங்கே நின்றது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, அடிமையாகவே, அவர் காலமானார்.

அனுபோகமும் உரிமைப் பத்திரமும்

1865 ஏப்ரல் 15இல் லிங்கன் கொலையுண்டு மரணமடைய, துணைத்தலைவராயிருந்த ஆண்ட்ரூ ஜான்சன் பதவியேற்றார். மே மாத இறுதியிலேயே அவர் அறிவித்த பொதுமன்னிப்பின்படி, கிளர்ச்சியாளர்கள் விசுவாச உறுதிமொழி எடுத்தால் அடிமைகள் நீங்கலாக மற்றைய சொத்துக்களை மீளப் பெறலாம். இலையுதிர்காலத்தில் கடல்தீவு நிலங்களையும் பழைய உரிமையாளர்களிடம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. அதனை மக்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, விடுதலை பெற்றோர் நலத்துறையின் தலைவர் ஆலிவர் ஹோவர்டின் தலையில் விழுந்தது. அக்டோபரில் எடிஸ்டோ தீவின் தேவாலயத்தில் கூடிய மக்கள் முன் அவர் பேச முற்பட்டபோது எதிர்ப்பும் அழுகையும் மேலிட்டன. நிலக்காரர்களை மன்னித்து அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார். அதற்கு அத்தீவினர் எழுத்து மூலம் அளித்த பதில் இன்றும் உள்ளது. தம்மை மரத்தில் கட்டிவைத்து 39 கசையடி கொடுத்து, தாயையும் தமக்கையையும் அடித்தவன், இன்று தமக்கு நிலம் கிட்டாதவாறு பிறரோடு சேர்ந்து தடுக்கிறான். அவனை மன்னிப்பது எளிதன்று என்பது அதன் சாரம்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை நாம் சுட்டியாக வேண்டும். பல பொது நூல்கள் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன. ஷெர்மனின் ஆணையால் கிடைத்தது அனுபோக உரிமை மட்டுமே. சட்டப்படியான முழு உரிமைப் பத்திரம் அன்று. ஆகவேதான் ஒரு பேனாக் கீறலில் அதனைப் பறிக்க முடிந்தது. அதே கடற்கரையில், போர்க்கால நேரடி வரியைச் செலுத்தாத தோட்டக்காரர்களின் சொத்துக்களை நடுவண் அரசு ஏலத்தில் விற்றபோது, அவற்றை விலைக்கு வாங்கிய கறுப்பினத்தார் பெரும்பாலும் அவற்றை இழக்கவில்லை. அவர்களுள் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே மாதத்தில் 'பிளான்ட்டர்' என்ற தென்னகக் கப்பலை, தலைவன் கரையிலிருந்த நேரம் பார்த்து, தம் குடும்பத்தோடு சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிச் சென்று வடபுலக் கடற்படையிடம் சேர்த்த அடிமை அவர். போஃபோர்ட் நகரில் தம் எஜமானனுக்கு உரியதாயிருந்த வீட்டையே வரி ஏலத்தில் எடுத்தார். பின்னாளில் முன்னாள் உரிமையாளர் தரப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1878இல் ஸ்மால்ஸின் உரிமையை உறுதிசெய்தது. முத்திரையிட்ட பத்திரம் இருந்தவரிடம் வீடு நின்றது. படைத்தலைவரின் வாக்குறுதியை நம்பிய ஆயிரக்கணக்கானோர் வயலை இழந்தனர்.

அரசிடம் நிலம் இல்லாமலா போயிற்று? போர் நடுவில் 1862இல் இயற்றப்பட்ட குடியேற்றநிலச் சட்டம், மேற்கே சென்று ஐந்தாண்டு பயிரிடும் எவருக்கும் 160 ஏக்கர் நிலத்தைச் சிறு பதிவுக் கட்டணத்துக்கு வழங்கியது. இருப்புப்பாதை நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கான ஏக்கர் மானியமாகத் தரப்பட்டது. அந்நிலங்கள் செவ்விந்தியப் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதும், உள்நாட்டுப் போரை முடித்த அதே படைத்தலைவர்கள் அடுத்து மேற்கே சென்று அப்பழங்குடியினரை ஒடுக்கினர் என்பதும் தனிக்கதை. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை இழப்பீடு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் உரிமையாளர். பெருந்தோட்டங்களைப் பறிமுதல் செய்து விடுதலை பெற்ற குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று பென்சில்வேனியாவின் தாடியஸ் ஸ்டீவன்ஸ் காங்கிரஸில் வாதாடினார். சொத்துரிமையில் கைவைத்தால் நாளை வடபுல ஆலைகளிலும் அந்தக் குரல் எழும் என்று அவருடைய கட்சியினரே அஞ்சினர்.

பத்தாண்டு வெளிச்சம்

இவையனைத்தும் உண்மையாயினும், 1867 முதல் 1877 வரையிலான மறுகட்டமைப்புக் காலத்தைத் தோல்வி என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம் அம்மண்ணில் பிறந்த யாவரையும் குடிமக்கள் ஆக்கிச் சட்டத்தின் சமபாதுகாப்பை உறுதியளித்தது. 1870இன் 15ஆம் திருத்தம் நிறத்தின் பெயரால் வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்தது. நேற்றுவரை விற்கப்பட்டவர்கள் சட்டமியற்றுவோராயினர். மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் 1870இல் செனட்டில் அமர்ந்தார். உள்ளூர் நீதிபதி முதல் காங்கிரஸ் உறுப்பினர் வரை, அக்காலத்தில் பதவி வகித்த கறுப்பினத்தார் ஏறத்தாழ 2,000 பேர். தென் கரோலினாவில் கறுப்பினத்தார் பெரும்பான்மையாயிருந்த 1868ஆம் ஆண்டு அரசியலமைப்பு மன்றம் அனைவர்க்கும் பொதுக்கல்வியை விதித்தது. அதற்கு முன் அம்மாநிலத்தின் ஏழை வெள்ளையருக்குங்கூட அத்தகைய கல்வி முறையாகக் கிட்டியதில்லை. அதே மாநிலம் 1869இல் அமைத்த நில ஆணையத்தின் வழியாக ஏறத்தாழ 14,000 கறுப்பினக் குடும்பங்கள் நிலம் பெற்றன. மனம் இருந்தால் வழி இருந்தது என்பதற்கு அது சான்று.

கல்வியின் மீது அம்மக்கள் கொண்ட தாகம் வியப்புக்குரியது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைப் பல தென்மாநிலங்கள் குற்றமாக்கியிருந்தன. 1870இல் கறுப்பினத்தாரில் எழுத்தறியாதவர் நூற்றுக்கு 80 பேர். 1910இல் அது 30 ஆகக் குறைந்தது. பேரனும் பாட்டியும் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றனர். விற்பனையால் சிதறுண்ட கணவன், மனைவி, பிள்ளைகளைத் தேடி அவர்கள் செய்தித்தாள்களில் வெளியிட்ட அறிவிப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் காணக் கிடைக்கின்றன. எந்த எஜமானன் எந்த ஊரில் எவரிடம் விற்றான் என்ற விவரமே அவ்வறிவிப்புகளில் முகவரியாக நிற்கிறது.

எதிர்ப்பும் உடனெழுந்தது. 1865இன் இறுதியிலேயே மிசிசிப்பி இயற்றிய கறுப்பர் சட்டங்களின்படி, ஒவ்வொரு ஜனவரியிலும் வேலைக்கான எழுத்துச் சான்று காட்டாதவர் 'திரிவோர்' எனத் தண்டிக்கப்படலாம். தண்டம் கட்ட இயலாதவரை அதனைக் கட்டும் வெள்ளையரிடம் வேலைக்கு விடலாம். காங்கிரஸ் இச்சட்டங்களை முறித்தது. சட்டத்தால் முடியாததைக் கூ க்ளக்ஸ் க்ளான் முதலிய இரகசியக் கும்பல்கள் இரவில் செய்தன. 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பினத்தார் பலர், சரணடைந்த பின்னரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளில் சிலர்மீது பதிவான வழக்கை உச்ச நீதிமன்றம் 1876இல் தள்ளிவிட்டது. 14ஆம் திருத்தம் மாநில அரசுகளின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், தனியாட்களின் செயலை அன்று என்பது அதன் விளக்கம். கும்பல்களுக்கு இதனினும் வசதியான தீர்ப்பு இருந்திருக்க முடியாது. மறு ஆண்டு, இழுபறியான தலைவர் தேர்தலுக்குப் பின் எட்டப்பட்ட உடன்பாட்டின் விளைவாக, எஞ்சியிருந்த தென்மாநில அரசுகளைக் காத்துவந்த படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. 1896இல் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. லூசியானாவில் 1896இல் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர்.

வாரமும் கடனும்

நிலமின்மை என்ன செய்தது என்பதைக் காண, பருத்திக்காட்டுக்கு வருவோம். நிலம் தோட்டக்காரருடையது, உழைப்பு விடுதலை பெற்றவருடையது, விளைச்சலில் பாதி வாரம். தஞ்சையிலோ நெல்லையிலோ வாரச் சாகுபடியைக் கண்டறிந்தவர்களுக்கு இதனை விவரிக்கத் தேவையில்லை. விதை, உணவு, துணி யாவும் கடைக்காரரிடம் வருங்கால விளைச்சலை ஈடுகாட்டிப் பெறும் கடன். கணக்கு எழுதுபவர் கடைக்காரர். ஆண்டிறுதியில் கடன் தீராது. தீராத கடனோடு வேறு தோட்டத்துக்குப் போக முனைந்தால் சட்டம் தடுக்கும். ஏழை வெள்ளைக் குடியானவர்களும் பெருந்தொகையாக இவ்வலையில் வீழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

கடன் கொடுப்பவர் பருத்தியையே பயிரிடக் கோரினார். பருத்தியின் விலையோ சரிந்துகொண்டே சென்றது. அதற்கு ஒரு காரணம் நம் பக்கத்திலும் இருக்கிறது. போரின்போது தென்னகத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் லங்காஷயர் ஆலைகள் இந்தியாவையும் எகிப்தையும் நாடின. நெல்லைச் சீமைக் கரிசலில் விளைந்த பருத்தியும் தூத்துக்குடி வழியே கப்பலேறியது. எகிப்தின் இஸ்மாயீல் பாஷா அப்பருத்திப் பணம் என்றும் நீடிக்குமென எண்ணி ஐரோப்பிய வங்கிகளில் கடன் வாங்கிக் குவித்தார். போர் முடிந்து விலை வீழ்ந்தது. எகிப்து 1876இல் கடன் கட்ட முடியாமல் திணறியது. 1882இல் ஆங்கிலேயப் படை நுழைந்தது. உலகச் சந்தையில் போட்டி பெருகிய நிலையில் 1890களின் நடுவில் அமெரிக்கப் பருத்தி பவுண்டுக்கு ஆறு சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. ஜார்ஜியாவின் வாரக்குடியானவரும் நைல் நதிக்கரை உழவரும் ஒரே விலைப்பட்டியலின் இரு முனைகளில் நின்றனர்.

சேமிக்கவும் வழியடைபட்டது. விடுதலை பெற்றோருக்கென 1865இல் நிறுவப்பட்ட சேமிப்பு வங்கி, நிர்வாகிகளின் பொறுப்பற்ற கடன்களாலும் 1873இன் பொருளாதார நெருக்கடியாலும் 1874இல் மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் முடங்கியது. 13ஆம் திருத்தத்தில் குற்றத்துக்கான தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்புக்கு இடம் விடப்பட்டிருந்தது. அந்தச் சிறு வாசகத்தின் வழியே கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விடும் முறை வளர்ந்தது. அதனைக் கடைசியாகக் கைவிட்ட அலபாமா, 1928 வரை காத்திருந்தது.

அரசு எவருக்குமே கைகொடுக்கவில்லை என்பதற்கில்லை. வடபுலப் படைவீரர்களுக்கும் அவர்தம் விதவைகளுக்குமான ஓய்வூதியம் விரிந்துகொண்டே சென்று, 1890களின் முற்பகுதியில் நடுவண் அரசுச் செலவில் மூன்றிலொரு பங்குக்கும் மேலானது. முன்னாள் படைவீரர் ஒருவரின் மகளுக்கு அவ்வூதியம் 2020 வரை வழங்கப்பட்டது என்றால் நம்புவது கடினம். 3,00,000க்கும் மேற்பட்ட வடபுலச் சடலங்களைத் தேடியெடுத்து 74 தேசிய இடுகாடுகளில் அரசே மறுஅடக்கம் செய்தது. மாண்ட வீரனுக்கு அரசு கடன்பட்டது என்ற எண்ணமே அந்நாட்டில் அப்போதுதான் வேர்கொண்டது. இவற்றைக் கண்ட காலி ஹவுஸ் என்ற டென்னசி மாநிலத்துச் சலவைத்தொழிலாளிப் பெண், அடிமையாக உழைத்து முதுமையெய்தியோருக்கும் ஓய்வூதியம் வேண்டுமென 1890களில் ஓர் இயக்கம் கண்டார். கிடைக்கவே கிடைக்காத ஓய்வூதியத்தைக் காட்டி மக்களிடம் பணம் பறித்தார் என அவர்மீது தபால் மோசடி வழக்குத் தொடரப்பட்டது. 1917இல் அவர் சிறை சென்றார்.

நினைவின் மீதான போர்

1913 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு இருதரப்பிலிருந்தும் 50,000க்கும் மேற்பட்ட முதிய வீரர்கள் கூடிக் கைகுலுக்கினர். தலைவர் உட்ரோ வில்சன் உரையாற்றினார். அவ்வாண்டே அவரது ஆட்சியில் நடுவண் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் பிரித்து அமர்த்தப்பட்டனர். வெள்ளையருக்கிடையே சமரசம் விளைந்தது. அதற்குரிய விலையைச் செலுத்தியவர்கள் அம்மேடையில் இல்லை. தென்னகம் மாநில உரிமைக்காகவே போரிட்டது, கறுப்பினத்தாரின் ஆட்சி ஊழலும் கோமாளித்தனமுமே என்ற கதை சிலைகளாகவும் பாடநூல்களாகவும், 1915இல் திரைப்படமாகவும் நாடெங்கும் பரவியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களே இக்கதைக்கு அடிக்குறிப்புகள் வழங்கினர். 1935இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் மறுகட்டமைப்புக் காலம் பற்றிய தம் பெருநூலால் இதனை எதிர்த்தார்; கல்வியுலகம் அவருக்குச் செவிசாய்க்க மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று. வென்றவர் வரலாறு எழுதுவார் என்பர். இங்கே தோற்றவர் எழுதினார், வென்றவர் பாடமாகப் படித்தார்.

ஆயினும் ஏட்டில் நின்ற திருத்தங்கள் அழிக்கப்படவில்லை. ஒரு கட்டத்தில் 14ஆம் திருத்தத்தால் பெரிதும் பயனடைந்தவை தொழில் நிறுவனங்களே. 1898இல், சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் குடிமகனே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் அங்குக் குடியேறிய அரபியர், இந்தியர், நம் சமுதாயத்தவர் ஆகியோரின் பிள்ளைகள் குடிமக்களாயிருப்பதற்கும் அடிப்படை, விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதப்பட்ட அந்த ஒரு வாக்கியமே. 1954இல் பள்ளிகளின் நிறப்பிரிவினை சட்டவிரோதம் ஆனதும், 1965இல் வாக்குரிமைச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே திருத்தங்களின் வலிமையால்தான். அச்சட்டத்தின் முதன்மைப் பாதுகாப்பு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2013இல் செயலற்றதாக்கியது. பிறப்புவழிக் குடியுரிமையைச் சுருக்கும் ஆணை 2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்டபோது கீழ்நீதிமன்றங்கள் அதனைத் தடுத்தன.

நிலத்துக்கு அத்தகைய திருத்தம் எதுவும் எழுதப்படவில்லை. வாரத்திலும் கடனிலும் உழன்றவாறே காசு சேர்த்து, 1910 அளவில் கறுப்பின உழவர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு உரியவர்களாயினர். அதன் பெரும்பகுதி அடுத்த நூற்றாண்டில் கைமாறிப்போயிற்று. சாபெலோவில் ஸ்பால்டிங் குடும்பத்தார் திரும்பிவந்து தோட்டத்தை மீட்டுக்கொண்டனர். தீவின் முன்னாள் அடிமைகளுள் சிலர் கூட்டாகப் பணம் சேர்த்து, 1871இல் ராக்கூன் பிளஃப் என்ற பகுதியை விலைக்கு வாங்கினர். ஃப்ரேஸியர் சவன்னாவில் கேட்டது போலவே. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீவின் பெரும்பகுதியை வாங்கியிருந்த புகையிலைச் செல்வர் ஒருவர், அங்கங்கே சிதறி வாழ்ந்த குடும்பங்களை நிலமாற்றம் செய்வித்து ஹாக் ஹாமக் என்ற ஒரே சிற்றூரில் ஒதுக்கினார். பிலாலி முஹம்மதுவின் மரபினர் உள்ளிட்ட சில பத்துப் பேரே இன்று அங்கே நிலையாக வாழ்கின்றனர். 2023 செப்டம்பரில், அவ்வூரில் முன்னிலும் பெரிய வீடுகளைக் கட்ட இடமளித்து வட்டார ஆட்சிக்குழு விதிகளைத் தளர்த்தியது. செல்வந்தரின் விடுமுறை இல்லங்கள் பெருகினால் நிலவரி உயரும். வரி கட்ட இயலாதவர் நிலத்தை விற்க நேரும். அவ்வூரார் வழக்குத் தொடுத்தனர்.